உரப்பையும் உருளும் பெட்டியும்

2025 நவம்பர் 1 ஆம் திகதி முதல் இலங்கையின் கடைகளில் பொலித்தீன் பைகளை இலவசமாக வழங்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் வர்த்தமானி அறிவித்தலின்படி பையின் விலை கடையிலே காட்சிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்; அந்த விலை பற்றுச்சீட்டிலும் தெரிய வேண்டும். விதி வந்த சில நாட்களிலேயே நான் வசிக்கும் பகுதியிலுள்ள கடைகளின் வாசல்களில் புத்தம்புதிய துணிப் பைகள் தொங்கத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை இலை. அதன் கீழே பூமியைக் காப்பாற்றுமாறு ஒரு வேண்டுகோள். மக்கள் பொலித்தீனுக்குக் காசு கொடுப்பதற்குப் பதிலாக அதைவிடப் பலமடங்கு காசு கொடுத்துத் துணிப் பையை வாங்கிச் சென்றார்கள். அடுத்த வாரமும் பை கொண்டுவர மறந்து இன்னொன்றை வாங்கினார்கள். இப்போது பல வீடுகளின் குசினிக் கதவுகளுக்குப் பின்னால், முன்பு பொலித்தீன் பைகள் திணித்து வைக்கப்பட்டிருந்த அதே ஆணியில், துணிப் பைகள் தொங்குகின்றன.

பயணப் பொருள்களின் சந்தையிலும் இதுவே நடந்துகொண்டிருக்கிறது. மூங்கில் பற்தூரிகை, மூங்கில் கரண்டி, மடித்து வைக்கத்தக்க குவளை, உடுப்புகளைச் சுருக்கி அடைக்கும் உறை, மீள்சுழற்சி செய்த போத்தல்களிலிருந்து நெய்த முதுகுப் பை என்று பயணிக்காகவே ஓர் உலகம் திறந்திருக்கிறது. சுற்றாடலில் அக்கறை கொண்டவர் என்று தன்னைக் கருதிக்கொள்ளும் பயணி, பயணம் புறப்படுவதற்கு முன்னரேயே பத்துப் பன்னிரண்டு பொருள்களை வாங்கிவிடுகிறார். அவற்றுள் பலவற்றுக்கு ஈடானவை அவருடைய வீட்டிலேயே கிடந்திருக்கும். வீட்டிலுள்ள எவர்சில்வர் கரண்டி எந்த மூங்கில் கரண்டியையும்விட நீண்ட காலம் உழைக்கும் என்பதைச் சொல்லுவதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

ஆயினும் ஆய்வு ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2018 இல் கடைப் பைகளின் முழு வாழ்வையும், அதாவது உற்பத்தி முதல் கழிவாகும் வரையிலான காலத்தை, ஒப்பிட்டு ஓர் அறிக்கையை வெளியிட்டது. அந்நாட்டில் வழக்கிலுள்ள தடித்த பிளாஸ்டிக் பையே அதில் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. காலநிலையின் மீதான தாக்கத்தை மட்டும் கணக்கிலெடுத்தால், சாதாரண பருத்திப் பையொன்றை 52 தடவைகள் பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். நீர், நிலம், ஓசோன் படலம் என்று எல்லாவற்றின் மீதான தாக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண் 7,100 ஆக உயர்கிறது. இயற்கை முறையில் விளைந்த பருத்தி என்று பெருமையாக அச்சிட்டு விற்கப்படும் பையோ 20,000 தடவைகள் பயன்படுத்தப்பட வேண்டும். நாளொன்றுக்கு ஒருமுறை வீதம் பயன்படுத்தினாலும் 54 ஆண்டுகளுக்கு மேலாகும். பாட்டி வாங்கிய பையைப் பேர்த்தி பாவித்து முடிக்க வேண்டும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு பொலித்தீனுக்கு வக்காலத்து வாங்குவோரும் உளர். அவர்கள் வசதியாக மறந்துவிடும் விடயம் ஒன்றுண்டு. டென்மார்க் அறிக்கை, வீதியிலும் ஆற்றிலும் காட்டிலும் எறியப்படும் குப்பையின் விளைவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே பை எரியுலைக்குப் போகிறது. இங்கே எங்கே போகிறது? 2017 ஏப்ரில் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பின் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரோடு புதைந்தார்கள். அதன் பின்னரே 2017 செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனுக்கும் குறைந்த பொலித்தீனும், சோற்றுப் பார்சல் கட்டும் மெல்லிய தாளும் தடைசெய்யப்பட்டன. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் திறந்த குப்பைமேட்டிற்கு வந்து மேயும் யானைகள் எட்டாண்டுகளில் 20 வரை இறந்துபோனதாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. இறந்த யானைகளின் வயிற்றில் உணவுப் பொதிகளின் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் இருந்தன. எங்கள் நாட்டிலே பயணி ஒருவர் ஒரு பையை மறுப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எனவே எனது கட்சி இதுதான்: ஒருமுறை பாவித்து வீசும் பொருளை மறுப்போம், ஆனால் அதற்கு மாற்றாக என்று சொல்லிப் புதிய பொருளையும் வாங்காதிருப்போம். உள்ளதை எடுத்துக்கொண்டு புறப்படுவோம். வாங்கியே ஆகவேண்டுமென்றால், பழுதானால் திருத்தக்கூடியதை வாங்குவோம்.

இவ்வாறு எழுதும்போது, எங்கள் சமூகம் 'உள்ளதை எடுத்துக்கொண்டு புறப்பட்ட' நாட்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள். அன்றைய பயணப் பொதி எது? உரப்பை. யூரியா வந்த வெள்ளை நிறப் பை. அதைக் கழுவிக் காயவைத்து, வாய்ப்பக்கத்தை மடித்துத் தைத்து, கைபிடி போட்டு வைத்திருப்பது அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்து வீடுகளில் வழக்கம். சந்தைக்கும் அதுதான், கூப்பன் கடைக்கும் அதுதான். சைக்கிள் கரியரில் வைத்து ரியூப்பால் இறுக்கிக் கட்டினால் ஒரு குடும்பத்தின் உடுப்பும் அரிசியும் பாத்திரமும் அதற்குள் அடங்கும். மழை உடனே உள்ளே போகாது. கிழிந்தால் சாக்கு ஊசியால் ஒருவர் பத்து நிமிடத்தில் தைத்துவிடலாம்.

அந்த ஆண்டுகளில் வடக்கிற்குப் பொருளாதாரத் தடை இருந்தது. பற்றரி வரவில்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து எரித்த விளக்கிலே ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. இப்போது மேலைநாட்டுச் சஞ்சிகைகளில் 'குறைந்த பொருள்களோடு வாழ்தல்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிலவேளை சினமும் வரும். வலிந்து திணிக்கப்பட்ட வறுமையை ஒரு வாழ்க்கைமுறையாக அழகுபடுத்திச் சொல்லுவதை நான் ஏற்கமாட்டேன். டைனமோ சுற்றியவர்கள் எவரும் பூமியைக் காக்கச் சுற்றவில்லை. ஆனால் எந்தப் பொருள் உழைக்கும், எது உழைக்காது என்ற அறிவு அந்த மக்களிடம் இருந்தது. அந்த அறிவை வறுமையோடு சேர்த்துத் தலைமுழுக வேண்டியதில்லை.

2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்ட பின்னர், 2006 ஓகஸ்ட் மாதத்தில் அது மீண்டும் மூடப்படும்வரை, செய்தியாளனாகப் பல தடவைகள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் சென்று வந்தேன். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, இராணுவத்தின் மேசையில் ஒருமுறை, புலிகளின் மேசையில் ஒருமுறை என்று திறந்து காட்ட வேண்டும். அந்த வரிசையில் நின்றவர்களுக்கு நல்ல பயணப் பை எது என்று எவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. வாய் அகன்றதாக இருக்க வேண்டும். ஒரே பார்வையில் உள்ளே இருப்பதெல்லாம் தெரிய வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிப், அந்த சிப்பிற்குள் இன்னொரு உறை என்று அமைந்த பையோடு வந்தவர் பஸ்ஸில் கடைசியாக ஏறுவார். பஸ் முழுவதும் அவரைப் பார்த்து முணுமுணுக்கும். இன்றும் விமான நிலையத்துச் சோதனை வரிசையில் அதே காட்சியைக் காணலாம். பன்னிரண்டு அறைகள் கொண்ட பை பயணிக்கு வசதி என்பது விற்பவரின் வாதம். கடவுச்சீட்டு எந்த அறையில் இருக்கிறது என்று பன்னிரண்டையும் திறந்து பார்ப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சில்லுப் பெட்டியைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். பெர்னார்ட் சேடோ என்ற அமெரிக்கர் 1970 இல் விண்ணப்பித்து 1972 இல் சில்லுப் பூட்டிய பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நான்கு சில்லும், இழுத்துச் செல்ல ஒரு வாரும் கொண்ட பெட்டி அது. மனிதன் சந்திரனில் கால் வைத்ததற்குப் பின்னர் நடந்த சங்கதி! இன்று எல்லோரும் இழுக்கும், நீண்டு சுருங்கும் கைபிடியும் இரண்டு சில்லும் உள்ள பெட்டியை 1987 இல் உருவாக்கியவர் நோர்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் விமானி ரொபர்ட் பிளாத். ஒரு விமானி, விமான நிலையத்தின் பளிங்குத் தரைக்காகச் செய்த பெட்டி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலே நெடுந்தீவுப் படகுக்குள் அதை இறக்கிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புகையிரத நிலையத்து மேம்பாலத்திலும், தனியார் பஸ்ஸின் மிதிபலகையிலும் சில்லு ஒரு சுமை. இலங்கைக்குள் சுற்றப் போகிறவருக்கு 40 லீற்றருக்கு மேற்படாத முதுகுப் பை போதும் என்பதே எனது அனுபவம்.

பெரிய பெட்டி வாங்கித்தான் ஆகவேண்டும் என்போர் மூன்று இடங்களைப் பார்க்கட்டும். முதலாவது சில்லு. அது திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால் கழற்றி மாற்றலாம். ஆணி அறைந்து பொருத்தப்பட்டிருந்தால், சில்லு உடையும் அன்று பெட்டி முழுவதும் குப்பை. இரண்டாவது கைபிடி, அதற்கும் இதே விதி. மூன்றாவது சிப். சிப் பழுதாகிவிட்டதென்று பையையே எறிபவர்கள் அதிகம். பெரும்பாலான வேளைகளில் பழுதாவது பற்களல்ல, அவற்றின் மேல் ஓடும் சிறிய உலோகத் துண்டுதான். அது நாளடைவில் அகன்றுவிடுவதால் பற்களைச் சேர்த்துப் பிடிக்க முடிவதில்லை. குறட்டினால் இருபுறமும் மெல்ல நெரித்தாலே பலகாலம் ஓடும். அதுவும் சரிவராவிட்டால் அந்தத் துண்டை மாத்திரம் மாற்றலாம். கொழும்பு புறக்கோட்டையில் நடைபாதையோரம் அமர்ந்து சப்பாத்துத் தைப்பவர்கள் இந்த வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுவார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த எனது உறவினர் ஒருவர் அங்கே எறிவதற்கிருந்த மூன்று பைகளை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து, திருத்திக்கொண்டு போனார். அங்கே கேட்ட கூலிக்குப் புதிய பையே வாங்கலாமாம்.

இனிப் பனையோலைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எனக்கு மிக நெருக்கமான விடயம் அதுதான்.

எங்கள் முன்னோரிடம் பயணத்திற்கு என்று ஒரு முழுத் தொகுதியே இருந்தது. சில்லறையும் வெற்றிலை பாக்கும் வைத்து மடியிலே செருக, ஒன்றுக்குள் ஒன்று செருகும் கொட்டைப்பெட்டி. மீனும் மரக்கறியும் வாங்கிவர உமல். நெல்லும் தேங்காயும் சுமக்கக் கடகம். படுக்கப் பாய். வெயிலுக்கு ஓலைத் தொப்பி. இவற்றுள் எதுவும் கடையில் 'பயணப் பொருள்' என்ற பெயரில் விற்கப்படவில்லை. உழைத்துத் தேய்ந்து கடைசியில் அடுப்பிலோ எருக்கிடங்கிலோ முடிந்தன. மட்டக்களப்புப் பக்கத்தில் பனையோலைக்குப் பதிலாகப் பன் புல். பன் பாயும் பன் பையும் இன்றும் அங்கே பின்னப்படுகின்றன.

1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கிறது. போரிலே எறிகணைகளுக்கும் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எண்ணற்ற பனைகள் பலியாயின. அதற்குப் பின்னரும் தொழில் அழியாமல் நிற்கிறதென்றால், வடக்கின் கிராமங்களில் வீட்டிலிருந்தே ஓலை வார்ந்து பின்னும் பெண்களே அதற்குக் காரணம். அவர்களில் பலர் போரிலே கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். ஆகவே ஓலைப் பை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்திருக்கலாம். வழக்கமாக எழுதப்படும் கட்டுரைகள் அங்கேதான் முடிகின்றன.

ஆனால் வாங்கிய பையைப் பயணத்தில் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்? யாழ்ப்பாணம் வந்து திரும்பும் ஒவ்வொருவரின் வீட்டிலும் ஓலைப் பையொன்று இருக்கிறது. அது சுவரில் தொங்குகிறது, அல்லது கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. ஓலைப் பொருள் நினைவுப் பொருளாகிவிட்டது. அதற்கு வாங்குபவர் மட்டும் காரணமல்லர். சில வருடங்களுக்கு முன்னர் கடையொன்றில் நான் வாங்கிய சிவப்புக் கரை போட்ட பை, முதல் மழையிலேயே சாயம் இளகி எனது வெள்ளைச் சட்டைக்கும் கரை போட்டது. இன்னொன்றின் கைபிடி, இரண்டு புத்தகமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வைத்தவுடன் கையோடு வந்தது. பென்சில் கூடும் சுவர் அலங்காரமும் செய்யும் அளவுக்கு நுணுக்கம் தெரிந்த கைகளிடம், பத்துக் கிலோ தாங்கும் பையொன்றை எதிர்பார்ப்பது அதிகமா? கடகம் அதைவிடக் கூடுதலாகத் தாங்கியது. பொத்தி இழைத்து, விளிம்புக்கு ஈர்க்கும் நாரும் வைத்துக் கட்டிய காலம் அது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். கைபிடியை வாயில் தைக்காமல், பருத்தி நாடாவாகப் பையின் அடிவரை கொண்டுசென்று மறுபக்கம் மேலே கொண்டுவந்தால் சுமை முழுவதையும் நாடாவே தாங்கும். உள்ளே கழற்றித் தோய்க்கக்கூடிய துணி உறை ஒன்று இருக்க வேண்டும்; மருதமுனைக் கைத்தறி இருக்கும்போது அதற்குத் துணி தேடி எங்கும் போகவேண்டியதில்லை. விமான ஆசனத்தின் கீழே வைக்கத்தக்க அளவில் பின்ன வேண்டும். சாயம் வேண்டாம், ஓலையின் இயல்பான நிறத்துக்கு என்ன குறை? மூடி ஒன்று கட்டாயம். பழுதானால் கொண்டுவந்து கொடுத்தால் திருத்தித் தருவோம் என்று விற்பனை நிலையம் ஓர் அறிவித்தல் வைத்தால், அந்த ஒன்றே போதும் வியாபாரத்தைப் பெருக்க. இவை பெரிய தொழில்நுட்பங்கள் அல்ல. ஆனால் பையை வடிவமைப்பவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருமுறையாவது யாழ்தேவியில் பயணம் செய்திருக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. ஓலை ஈரத்தை இழுக்கும்; காற்றுப் புகாத அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்தால் நிழலிலே முழுமையாக உலர்த்த வேண்டும். குளிர்நாட்டு வீடுகளின் வெப்பமூட்டிக்கு அருகில் வைத்தால் வறண்டு வெடிக்கும். விலை பேசும்போது, பின்னியவரின் கைக்கு அதில் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். சாரம் ஒன்று கட்டாயம் பையில் இருக்க வேண்டும். அது உடுப்பு, போர்வை, துவாய், ஜன்னல் சீலை, முடிச்சுப் போட்டால் பை, ஓரிரவில் காய்ந்துவிடும். விரைவில் உலரும் பயணத் துவாய் என்று செயற்கை நூலில் செய்து விற்பதைத் தோய்க்கும் ஒவ்வொரு தடவையும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றன. பருத்திச் சாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. சவர்க்காரம் கட்டியாகவே இருக்கட்டும். 2006 ஓகஸ்ட் மாதம் லண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் வந்த 100 மில்லிலீற்றர் விதி திரவங்களுக்கே உரியது. கட்டிச் சவர்க்காரத்திற்கு அது பொருந்தாது. சில விமான நிலையங்கள் புதிய சோதனைக் கருவிகளைப் பொருத்தி அந்த விதியைத் தளர்த்தியிருந்தாலும், போகும் நிலையமும் திரும்பும் நிலையமும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பக்கூடாது. ஷம்பூ பக்கற்றுகளைத் தேடி அலைய வேண்டாம். 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத அத்தகைய பக்கற்றுகள், உணவும் மருந்தும் தவிர, 2021 மார்ச் 31 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளன.

தண்ணீருக்கு எவர்சில்வர் போத்தல். விமான நிலையத்தில் சோதனைக்கு முன்னர் வெறுமையாக்கி, உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம். சிவனொளிபாதமலைப் படிகளில் டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலத்தில் ஏறியவர்களுக்கு வெற்றுப் போத்தல்களின் காட்சி பழக்கமானது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தைக்கு அப்பால் குமண, யால வனங்களுக்கூடாக நடக்கிறார்கள். முருகனிடம் போகிறவர் யானையின் வழியில் பிளாஸ்டிக்கை விட்டுச் செல்வது எந்த வகையில் பக்தி என்று எனக்குப் புரியவில்லை. ஒரு காலத்தில் ரயிலிலே வடையைப் பழைய அப்பியாசக் கொப்பித் தாளில் சுற்றித் தந்தார்கள். வடையைத் தின்றுகொண்டே யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடத்தைத் திருத்திய அனுபவம் என் வயதினர் பலருக்கு உண்டு. மை வயிற்றுக்குள் போகும் என்பதால் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். வாழையிலையைச் சிபாரிசு செய்வேன்.

மின்கலப் பெட்டியைப் பற்றி, அதாவது பவர் பேங்க் பற்றி, ஒரு எச்சரிக்கை. அதைச் சரக்காகப் போடும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. கையில் கொண்டுசெல்லும் பையில்தான் இருக்க வேண்டும். பொதுவான எல்லை 100 வாட்-மணி. பெட்டியின் மேல் மில்லிஅம்பியர்-மணி என்றுதான் எழுதியிருப்பார்கள். அதை 1,000 ஆல் வகுத்து 3.7 ஆல் பெருக்கினால் விடை வரும். 20,000 என்று எழுதியிருந்தால் 74 வாட்-மணி, கொண்டுபோகலாம். எழுத்து அழிந்துபோனதையும், ஊதிப் பருத்ததையும் கொண்டுபோக வேண்டாம். 2025 ஜனவரி 28 ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படுமுன்னர் தீப்பிடித்து எரிந்தது. பயணியொருவரின் பவர் பேங்க் மீதே சந்தேகம் விழுந்தது. அதற்குப் பின்னர் சிங்கப்பூர் எயார்லைன்ஸ், எமிரேட்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதைத் தடைசெய்துள்ளன. மலிவான பெயரில்லாச் சரக்கை வாங்கி ஆண்டுக்கொன்றாக எறிவது பணத்துக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. 2024 டிசம்பர் இறுதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் கைத்தொலைபேசிகளுக்கு ஒரேவகைச் செருகி, யூ.எஸ்.பி.-சி, கட்டாயமாகிவிட்டதால் வீட்டுக்கு ஒரு மின்னேற்றி போதும் என்ற நிலை வந்திருக்கிறது. நல்ல காலம்.

நான் எந்தப் பயணியிடமும் தவறாமல் சொல்லும் பொருள், நீர்புகா உறை ஒன்று. கடவுச்சீட்டு, அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, பிறப்புச் சான்றிதழின் பிரதி ஆகியன அதற்குள் இருக்க வேண்டும். இடப்பெயர்விலே நகையை விட்டு வந்தவர்கள் பின்னர் நகை வாங்கினார்கள்; காணி உறுதியை விட்டு வந்தவர்களில் சிலர் இன்றும் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். 2004 ஆம் ஆண்டுச் சுனாமியின்போதும் அதுவே நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும், நிவாரணத்திற்கு விண்ணப்பிக்கும் வரிசையில் முதல் கேள்வி அடையாள அட்டை பற்றியதாகவே இருந்தது. இந்த ஒரு பொருளுக்கு பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக்தான். பத்து ஆண்டுகள் உழைக்கும் பிளாஸ்டிக்கோடு எனக்குப் பகையில்லை.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு வரும்போது 23 கிலோ, 30 கிலோ என்று அனுமதித்த எடைக்கு ஓர் இறாத்தலும் குறையாமல் கொண்டுவருகிறார்கள். சொக்கிளேற், சவர்க்காரம், ஷம்பூ, பழைய சட்டைகள். இவற்றுள் அநேகமானவை இப்போது யாழ்ப்பாணத்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவர்கள் அன்போடு கொண்டுவருவதை நான் குறை கூறவில்லை. வாங்கிக்கொள்ளும் எங்களுக்கும் 'வெளிநாட்டுச் சாமான்' என்ற மயக்கம் தெளியவில்லை. பெட்டி காலியாகத் திரும்பும்போது அதற்குள் வைக்க ஊரிலே பொருள் உண்டு: ஓலைப் பை, கைத்தறிச் சாரம், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி. அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் மட்டும், அங்கே இறங்கும்போது நிரப்பும் பத்திரத்தில் தாவரப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் குறிப்பிட வேண்டும். ஓலைப் பையும் தாவரப் பொருளே. குறிப்பிட்டுவிட்டால் எடுத்துப் பார்ப்பார்கள். பூச்சியும் மண்ணும் விதையும் இல்லாது நன்றாக உலர்ந்திருந்தால் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். மறைத்து அகப்பட்டால் பொருளும் போகும், அபராதமும் கட்ட நேரும்.